ஞாயிறு காலை: பந்தா, பூசையா?

நம் கேமரன் மலையில் பிற்பகலானால் மழை பிடித்துக்கொள்ளும். அதனால் பிள்ளைகளின் பந்தாட்டம் ஞாயிறு காலையில்தான். கோயில் மணியும் அப்போதுதான். வீட்டிலே சண்டை!

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்தது. ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடெல் ஓட மறுத்தார். பிடிவாதம் மட்டுமா? அட்டவணையைப் பல மாதங்களுக்கு முன்பே அறிந்து, 400 மீட்டருக்குப் பயிற்சி செய்தார், 47.6 விநாடியில் தங்கம் வென்றார்.

நீங்களும் ஆட்ட அட்டவணையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கத்தோலிக்கர்களுக்குச் சனி மாலைப் பூசையும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே அதை ஏற்கிறது. அந்தப் பூசை அருகில் இல்லையென்றால், காதைத் திருகாமல், ஆட்டத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும்படி குழுத் தலைவரிடம் பிள்ளையையே பேசச் சொல்லுங்கள்.