நின்ற புயலும் நிற்காத வெள்ளமும்

புயலின் வேகம் குறைந்தால் நிம்மதி என்றுதான் தோன்றும். ஆனால் நகரும் வேகம் குறைந்தால் வம்பு.

உதாரணத்துக்கு, டென்மார்க்கின் ஸ்கீவ நகரம் லிம்ஃபியோர்டு கழியின் தெற்குக் கிளை முனையில் இருக்கிறது. வடகடல் நீர் உள்ளே வர, மேற்கே தியூபொரோனில் குறுகிய வாய்தான். 1825 புயல் அங்குள்ள மணல்திட்டை முதலில் உடைத்தது. இன்றைய வாய் 1862இல் திறந்தது. குறுகிய வாய்க் குடம் நிரம்ப நேரம் பிடிக்கும். சட்டென்று கடக்கும் புயல் அந்த அவகாசத்தைத் தராது. மேற்குக் காற்று விடாமல் அடித்தால் கழி நிரம்பும். பிறகு காற்று திரும்பி வடக்கிலிருந்து வீசினால் நீர் ஸ்கீவ பக்கம் குவியும். அங்கே கழியில் சேரும் கரூப் ஆறும் வடிய வழியின்றித் தேங்கும். 2013 டிசம்பர் போடில் புயலில் லிம்ஃபியோர்டு கரையோரம் வெள்ளம் புகுந்தது.

நம் பக்கம் வினை மழையால். 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயல், புதுச்சேரி அருகே மணிக்கணக்கில் நகரவில்லை. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

எச்சரிக்கையில் காற்றின் வேகத்தோடு, புயல் நகரும் வேகத்தையும் பாருங்கள்.