வில்லும் குடமும்

சென்ற திங்களில் ஒரு ஞாயிறு மாலை, லேக் கார்டன்ஸில் உள்ள நம் இல்லத்தில் ஓய்வாக அமர்ந்திருந்தோம். நம் சிறுவன் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டி, "அப்பா, இந்த வில்லுக்கு அம்பு எங்கே?" என்று வினவினான். அது பிரேசில் நாட்டுக் கப்போய்ரா ஆட்டம்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள் அங்கே வளர்த்த கலை அது. சண்டையும் ஆட்டமும் பாட்டும் அதில் ஒன்றாகும். 1890ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் அதனைக் குற்றமென்றது. 2014இல் யுனெஸ்கோ அதனை மானிடப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. வட்டமாக நிற்போரின் நடுவே இருவர் ஆட, அவ்வாட்டத்தின் விரைவை ஆள்வது பெரிம்பாவு என்னும் வில்லே. மரக்கழியில் எஃகுக் கம்பி பூட்டி, அடிப்புறம் சுரைக்குடுக்கையைக் கட்டுவர். கம்பியைக் குச்சியால் தட்டி, கல்லையோ நாணயத்தையோ அழுத்தி ஒலியை மாற்றுவர். துணையாகக் கஞ்சிரை போன்ற பண்டெய்ருவும், நெடிய முரசும், இரட்டை மணியும் ஒலிக்கும்.

இதைக் கண்டதும் நம் நெஞ்சு திருநெல்வேலிக் கோயில் கொடைக்குச் சென்றது. அங்கும் ஒரு வில் உண்டன்றோ! மணிகள் தொங்கும் பெருவில்லைக் குடத்தின்மீது பொருத்தி, வீசுகோலால் நாணைத் தட்டுவர். குடமும், உடுக்கும், தாளமும், கட்டையும் உடன் முழங்க, முத்துப்பட்டன் கதை விடிய விடிய நடக்கும். அங்கே வில் ஆட்டத்தை நடத்துகிறது. இங்கே கதையை நடத்துகிறது. இதனை நகர மேடைக்குக் கொணர்ந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவர்வழி வந்த சுப்பு ஆறுமுகம் அவர்களுக்கு 2021இல் பத்மஸ்ரீ வழங்கப்பெற்றது; அப்பெரியார் 2022இல் மறைந்தார்.

யாவற்றையும் சிறுவனுக்கு விளக்கினோம். அவனோ, "நம் ஊர் வில்லை எனக்கு ஏன் காட்டவில்லை?" என்றான். விடை கூற நா எழவில்லை. நம் சிற்றப்பனார் உடுக்கு வாசித்தவர். அவர் காலமானபின் அவ்வுடுக்கு தோல் கிழிந்து ஊர்ப் பரணில் கிடக்கிறது. விடுமுறைக்குச் சென்றபோதெல்லாம் அதனைக் கண்டும் எடுத்துவர எண்ணினோமில்லை. பெட்டியில் அப்பளத்துக்கும் வடகத்துக்கும் இடமிருந்தது!

தடைசெய்யப்பட்ட கலையை அம்மக்கள் காத்தனர். தடையேதும் இல்லாத கலையை நாம் மறதியால் இழக்கலாமா? அடுத்த பயணத்தில் அவ்வுடுக்கைக் கொணர்ந்து தோல் மாற்றுவதென உறுதி பூண்டுள்ளோம். நெல்லை, குமரி அன்பர்கள் எவரேனும் வில் தட்ட அறிந்திருப்பின், வரும் பொங்கல் விழாவில் நம் பிள்ளைகளின் முன் அமர்ந்து ஒரு கதையேனும் பாடுதல் வேண்டும். குடம் நாம் கொணர்வோம்.