கணினி நின்றுபோனால் காரணத்தை எழுதி வையுங்கள்

குற்றால சீசன் கூட்டத்தை நம்பி மேலகரத்தில் கடை நடத்துவோருக்கு, மாலை வியாபாரத்தின்போது பில் போடும் கணினி நின்றுபோனால் ஏற்படும் நட்டத்தைச் சொல்லத் தேவையில்லை. பலரும் உடனே சுவிட்சை அணைத்து மறுபடி போடுகிறார்கள். கணினி ஓடத் தொடங்கிவிடும். காரணம் மட்டும் தெரியாமலே போய்விடும். சில நாளில் அதே கோளாறு மீண்டும் வரும்.

கணக்கு இடித்தால் நாம் என்ன செய்கிறோம்? ஐந்தொகையிலிருந்து பேரேட்டுக்கும், பேரேட்டிலிருந்து சிட்டைக்கும் பின்னோக்கிப் போய்த் தவறிய இடத்தைப் பிடிக்கிறோம். மென்பொருளும் நின்றுபோகும்போது அத்தகைய தடத்தை விட்டுச் செல்ல முடியும். எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளையில் நின்றது, அந்தக் கட்டளையை அழைத்தது எது என்பவை அதில் இருக்கும். இதையே 'கிராஷ் ரிப்போர்ட்' என்கிறார்கள்.

நிரலை எவரும் பார்த்துத் திருத்த உரிமை தருவது திறமூல மென்பொருள். மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் என்னும் கணக்கு, சரக்கிருப்பு மென்பொருள் இவ்வகையைச் சேர்ந்தது. அதில் நேரும் பிழைகள் 'எரர் லாக்' என்ற பகுதியில் பதிவாகின்றன. இணையம் பார்க்க உதவும் ஃபயர்ஃபாக்ஸும் திறமூலமே. அது நின்றுபோனால் நம் சம்மதம் கேட்டு அறிக்கையை அனுப்புகிறது. ஒரே மாதிரியான அறிக்கைகளை அங்கே ஒன்றாகத் தொகுப்பதால், எந்தப் பிழை அதிகம் பேரைப் பாதிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இப்படித் தொகுத்துப் பார்த்த மைக்ரோசாஃப்ட் நிறுவனம், நூற்றுக்கு 20 பிழைகளே 80 விழுக்காடு கோளாறுகளுக்குக் காரணம் என்று 2002இல் தெரிவித்தது. கடையிலும் சில சரக்குகள்தானே பெரும்பகுதி விற்பனையைத் தருகின்றன! ஆகவே சிறு கடைக்காரரின் ஓர் அறிக்கையும் வீண்போகாது.

திறமூலத்தில் இன்னொரு வசதியும் உண்டு. அறிக்கையைப் படித்துத் திருத்த, நிரல் அறிந்த உள்ளூர் இளைஞரே போதும். மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் தொடங்கிய பிறகு, நிரல் எழுதுவது நம் பகுதிக்குப் புதிய தொழில் அல்ல.

எச்சரிக்கை ஒன்று. சில அறிக்கைகளில் கணினி நினைவகத்தின் நகலும் சேர்ந்து போகும். வாடிக்கையாளரின் செல்போன் எண், கடன் பாக்கி ஆகியவை அதில் இருக்கக்கூடும். பார்க்காமல் அனுப்பக் கூடாது.

கல்லாவின் அருகே ஒரு நோட்டு வையுங்கள். நின்ற நேரம், பதிப்பு எண், கடைசியாகச் செய்த வேலை, திரையில் வந்த வாசகம், மறுபடி அதே வேலையைச் செய்தால் நிற்கிறதா என்ற ஐந்தையும் எழுதுங்கள். 'அடிக்கடி நிற்கிறது' என்று மட்டும் சொன்னால் எவராலும் சரிசெய்ய இயலாது. விவரம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.