அடியில் ஒளிந்திருக்கும் சேறு



மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஏறி இறங்கி வந்த ஜீப் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். கதவுகளில் செம்மண் அப்பியிருக்கும். கண்ணாடியில் தெறித்த சகதி காய்ந்து பொருக்காக நிற்கும். அதனை ஓட்டி வந்தவர் இரண்டு வாளித் தண்ணீரை முகப்பிலும் பக்கங்களிலும் வீசுவார். பழந்துணியால் அழுத்தித் துடைப்பார். வண்டி பளிச்சென்று ஆகிவிட்டது என்னும் மனநிறைவோடு வீட்டுக்குள் சென்றுவிடுவார்.

அவர் துடைத்தெறிந்த சேற்றால் அந்த வண்டிக்குப் பெரிய தீங்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. அவர் கண்ணிற்படாமல் அடியில் தங்கிவிட்ட சேறுதான் இரும்பைத் தின்னும்; பிரேக்கைக் கெடுக்கும்; எஞ்சினைக் கொதிக்க வைக்கும். சில வேளைகளில் உயிருக்கே உலை வைத்துவிடும்!

'இது ஓட்டுநர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் உரிய செய்தியாயிற்றே! குடும்பப் பத்திரிகையில் எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நம் குடும்பங்களில் எத்தனை பேர் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிழைக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிச் செல்வோர் உள்ளனர். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கரடுமுரடான பாதையில் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர்களைப் போன்றோர் உள்ளனர். நம்மூர்களில் 'சபுராளி' என்று அழைக்கப்படும், அரபு நாடுகளில் பாலை வழிகளில் வண்டி ஓட்டும் சகோதரர்களும் உள்ளனர். அவர்களின் ஊர்தி பழுதானால் அடுப்பில் பூனை உறங்கும். ஆதலால், இஃது ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டிய செய்தியே.

உழைப்பதற்கென்றே பிறந்த ஊர்தி

சாதாரணக் காரில் எஞ்சினின் விசை இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும். ஜீப் வகை ஊர்தியிலோ நான்கு சக்கரங்களுக்கும் அவ்விசையைச் செலுத்த முடியும். அதனால்தான் ஒரு சக்கரம் சேற்றில் புதைந்தாலும் மற்றவை இழுத்துக் கரையேற்றுகின்றன. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற இந்த ஜீப்பை 1947ஆம் ஆண்டு நம் நாட்டிற்குக் கொண்டுவந்த நிறுவனம், 1945இல் தொடங்கப்பட்டபோது 'மஹிந்திரா அண்ட் முஹம்மது' என்றே பெயர் பெற்றிருந்தது. அதன் பங்காளிகளில் ஒருவரான மாலிக் குலாம் முஹம்மது, பிரிவினைக்குப் பின்னர் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948இல் நிறுவனத்தின் பெயர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' என மாறிற்று.

அதே 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லேண்ட் ரோவர் வெளிவந்தது. போருக்குப் பின் அங்கே எஃகு தட்டுப்பாடாக இருந்தமையால், அதன் மேல்தகடுகளை அலுமினியக் கலவையால் செய்தார்கள். அடியில் வண்டியைத் தாங்கும் சேஸிஸ் சட்டத்தையோ எஃகினால் செய்தார்கள். விளைவு என்னவாயிற்று? பல ஆண்டுகள் ஓடிய பின்னும் மேல்தகடுகளில் துருவின் சுவடே இராது. அடியில் குனிந்து பார்த்தாலோ சேஸிஸ் உளுத்துப்போயிருக்கும்! மேனியழகைக் கண்டு ஏமாறலாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஈரச் சாக்குப் போன்றது

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் வேண்டும். மழையில் நனைந்த இரும்பு சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். சேறு அப்பிய இரும்பு அவ்வாறு உலர்வதில்லை. நனைந்த சாக்கைப் போட்டு மூடியதுபோல், மேலே காய்ந்து வெடித்திருக்கும் சேறு உள்ளே பல நாட்கள் ஈரத்தைக் காத்து வைத்திருக்கும். மட்கார்டின் உள்மடிப்பு, கதவின் அடிவிளிம்பு, பெட்டிபோல் மூடிய சேஸிஸின் உட்புறம் ஆகியவையே சேறு விரும்பித் தங்கும் இடங்கள். உள்ளே புகுந்த நீர் வடிவதற்கென்று இவ்விடங்களில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். அத்துளைகளைச் சேறு அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தேங்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே கொப்புளம் தெரியும்போது தகடு பெரும்பாலும் ஓட்டையாகியிருக்கும்.

அரபு நாடுகளில் இருப்போருக்கு மற்றொரு பகை உண்டு. 'ஸப்கா' என்னும் அரபுச் சொல் உப்புச் சமவெளியைக் குறிக்கும். அமீரகம், கத்தர், சவூதி அரேபியா ஆகியவற்றின் கடலோரங்களில் இத்தகைய நிலங்கள் பரந்து கிடக்கின்றன. நிலத்தடி உவர்நீர் மேலேறி ஆவியாகும்போது உப்பு மட்டும் மேலே தங்கி ஓடுபோல் இறுகிவிடும். மேலே பார்த்தால் உறுதியான தரை. உள்ளே குழைந்த சேறு! ஓமானின் பாலைவன விளிம்பில் உள்ள 'உம்முஸ் ஸமீம்' என்னும் புதைசேற்று நிலம் இதற்குப் பெயர் பெற்றது. இத்தகைய சேற்றில் சிக்கி மீண்ட வண்டியை, அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகம் முழுவதும் கழுவுதல் கட்டாயம். உப்பு கலந்த ஈரம் துருவைப் பன்மடங்கு விரைவுபடுத்தும் என்பதை மறவாதீர்கள்.

உயிரோடு தொடர்புடைய உறுப்புகள்

துரு மெல்லக் கொல்லும் நோய். பிரேக்கில் புகும் சேறோ உடனே ஆபத்தைத் தரக்கூடியது. டிரம் வகைப் பிரேக்கில் சேற்றுநீர் புகுந்தால் எளிதில் வெளியேறாது. நீர் வடிந்தாலும் மணல் உள்ளே தங்கி, பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் உப்புத்தாள் போலத் தேய்க்கும். மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவதென்றால் என்ன பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சக்கர ரிம்மின் உட்புறத்தில் ஒரு பக்கமாக அப்பி உறைந்த சேறும் இவ்வாறே. மெதுவாகச் செல்லும்போது ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் வேகம் கூடியதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். 'அலைன்மெண்ட் போய்விட்டது' என்று பட்டறையில் பணத்தைக் கொட்டுவார்கள். ரிம்மின் உட்புறத்தைச் சுரண்டிக் கழுவியதுமே நடுக்கம் நின்றுவிடுவதும் உண்டு.

ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே சேறு அடைத்தால் காற்று நுழைய வழியிராது, எஞ்சின் கொதிக்கும். காய்ந்த புல்லும் சருகும் சேற்றோடு சேர்ந்து சைலன்ஸர் குழாயின் மேல் படிவது மற்றோர் ஆபத்து. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பகுதிகளில் 'ஸ்பினிஃபெக்ஸ்' என்னும் புல் இவ்வாறு அடியில் சேர்ந்து, சூட்டால் தீப்பற்றி, ஊர்திகள் எரிந்திருக்கின்றன.

கழுவும் முறை

கழுவுதற்கும் ஒரு வரிசை உண்டு. ஒளுச் செய்யும்போது விரல் இடுக்குகளையும் குதிகால்களையும் விட்டுவிடாமல் கழுவப் பழகியவர்கள் நாம். அந்தக் கவனமே இங்கும் வேண்டும்.

1. அன்றைய சேற்றை அன்றே கழுவுங்கள். களிமண் ஈரமாயிருக்கும்போது நீரோடு ஓடிவிடும். காய்ந்தால் செங்கல்லாக இறுகும். ஆனால் வண்டி நின்றவுடன் நீரை ஊற்றாதீர்கள். கொதிக்கும் எஞ்சினும் பிரேக் தட்டும் திடீர்க் குளிர்ச்சியால் கோணலாகவோ விரிசல் விடவோ கூடும். அரை மணி நேரமேனும் ஆறவிடுங்கள்.

2. அடியிலிருந்து தொடங்குங்கள். மட்கார்டின் உட்புறம், ரிம்மின் உட்புறம், ஸ்பிரிங் பட்டைகள், ஆக்ஸில், சேஸிஸ் என்று ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். கட்டியாக நிற்கும் மண்ணை மரக்குச்சியால் தட்டி விழச் செய்யுங்கள். இரும்புக் கம்பியால் சுரண்டினால் பெயின்ட் பெயர்ந்து துருவிற்கு வாசல் திறந்துவிடும். நீர் வடியும் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். கழுவியபின் வண்டியைச் சிறிதளவு ஓட்டி நிறுத்தி மீண்டும் பாருங்கள்; புதிதாகச் சேறு வடிந்தால் வேலை முடியவில்லை என்பது பொருள்.

3. ரேடியேட்டருக்கு மென்மையாக நீர் விடுங்கள். இயன்றால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி விடுங்கள்; வந்த வழியே சேறு திரும்பிப் போகும். வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் வேகக் குழாயை நேரே பிடித்தால் தகடுகள் மடங்கிப்போகும். அக்குழாயை ஆல்டர்னேட்டர், வயர் இணைப்புகள், பேரிங் சீல் ஆகியவற்றின் மீதும் நேராகப் பிடிக்கலாகாது.

4. மேற்பாகத்தைத் துடைக்கும் முன் நன்றாக ஊறவையுங்கள். மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள் கண்ணாடியைவிடக் கடினமானது. காய்ந்த சேற்றைத் துணியால் துடைப்பது, பெயின்டின் மீது உப்புத்தாளைத் தேய்ப்பதற்குச் சமம். மேலிருந்து கீழாக நீர்விட்டு மண்ணை ஓட்டியபின்னரே துணியைத் தொடுங்கள். துணி துவைக்கும் சோப்புத்தூள் மெருகைப் போக்கிவிடும். ஊர்திக்குரிய ஷாம்பூவே போதும்.

5. பிரேக்கை உலர்த்துங்கள். கழுவி முடித்ததும் ஆளில்லாத சமவெளிப் பாதையில் மெதுவாக ஓட்டி, பிரேக்கைப் பலமுறை இலேசாக அழுத்துங்கள். பிடிமானம் வந்துவிட்டதை உறுதிசெய்த பின்னரே மலைப்பாதைக்குச் செல்லுங்கள். கரகரவென்ற ஒலி தொடர்ந்தால் டிரம்மைக் கழற்றிப் பார்ப்பதே அறிவுடைமை.

6. எண்ணெயையும் கிரீஸையும் பாருங்கள். ஓடையைக் கடக்கும்போது சூடான ஆக்ஸில் திடீரெனக் குளிர்ந்து, காற்றுத் துளை வழியாகவோ சீல் வழியாகவோ நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆக்ஸில் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது, உடனே மாற்றுங்கள். ஷாஃப்ட் இணைப்புகளில் பழைய கிரீஸும் அழுக்கும் பிதுங்கி வெளியேறும் வரை புதுக் கிரீஸ் அடியுங்கள். ரப்பர் உறைகள் கிழிந்துள்ளனவா என்றும் பாருங்கள். கிழிந்த உறை வழியே கிரீஸ் வெளியேறும்; மணல் உள்ளே குடியேறும்.

குளத்தில் இறக்காதீர்கள்

நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை நேரே குளத்திலோ ஆற்றிலோ இறக்கிக் கழுவுவார்கள். தண்ணீர் இறைக்கும் உழைப்பு மிச்சம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால், அடியில் ஒட்டியுள்ள டீசலும் எண்ணெயும் கிரீஸும் நீரில் படலமாகப் பரவுகின்றன. நம் பெண்கள் குளிப்பதும் ஆடுமாடுகள் குடிப்பதும் அந்த நீரே! நீரில் முங்கிய பேரிங்கிலும் பிரேக்கிலும் புதிதாகச் சேறு புகுவது வேறு. கழுவப் போய் அழுக்கை ஏற்றிக்கொண்டு வருவதால் யாருக்கு நன்மை?

ஆதலால், மேடான சரளைத் தரையிலோ வாட்டர் சர்வீஸ் நிலையத்திலோ கழுவுங்கள். சேற்றை முதலில் குச்சியால் உதிர்த்துவிட்டால் பாதித் தண்ணீர் மிச்சமாகும். குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது வீண்விரயமே.

மண்ணோடு வரும் விருந்தாளி

சேற்றால் வரும் கேடு வண்டியோடு முடிவதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 'ஜர்ரா' என்னும் உயர்ந்த மரங்கள் காடு காடாகப் பட்டுப்போயின. காரணம், வேரை அழுகச் செய்யும் ஒரு நுண்ணுயிர். 1922இல் சுமத்ராவின் இலவங்கப்பட்டை மரங்களில் முதன்முதலாக விவரிக்கப்பட்டதால், அதன் அறிவியல் பெயரிலும் 'சின்னமோமி' என்று இலவங்கப்பட்டை இடம்பெற்றது. 1960களில்தான் ஜர்ராவின் சாவுக்கும் அதுவே காரணம் என்று கண்டறிந்தார்கள். அது தானே நெடுந்தொலைவு செல்லாது. ஊர்திகளின் சக்கரத்தில் ஒட்டிய ஈரமண்ணில் ஏறிக் காடுவிட்டுக் காடு சென்றது! ஆகவே அங்கே காட்டிற்குள் நுழையும் முன்னும் வெளியேறும் முன்னும் வண்டியைத் தூய்மை செய்யுமாறு வற்புறுத்துகிறார்கள். மண் ஒட்டிய பழைய ஊர்திகளை ஆஸ்திரேலியா தன் துறைமுகத்திற்குள் அனுமதிப்பதும் இல்லை.

நம் நாட்டிற்கும் இதில் பாடம் உண்டு. சாலையோரமெங்கும் வெள்ளைப் பூக்களோடு நிற்கும் பார்த்தீனியச் செடியை அறிவீர்கள். 1950களில் இறக்குமதிக் கோதுமையோடு கலந்து வந்தது என்று பரவலாகக் கருதப்படும் அந்த நச்சுச்செடி, தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் தருவது. நன்கு வளர்ந்த ஒரே செடி பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். சேறு பட்ட டயர் அவ்விதைகளை ஊர் ஊராக விநியோகம் செய்கிறது. ஆதலால், பயணம் முடிந்த இடத்திலேயே பெரும் மண்ணை உதிர்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. வயலோரத்திலும் வாய்க்கால் கரையிலும் கழுவாதிருப்பதும் நல்லது.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

பெருமக்களே! மலைவழி சென்று களைத்து வரும் தந்தையோ அண்ணனோ இரவோடிரவாக ஜீப்பின் அடியில் படுத்துக் கழுவ வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. வீட்டிலுள்ள இளைஞர்கள் ஒரு குழல்விளக்கையும் ஒரு மரக்குச்சியையும் எடுத்துக்கொண்டு உதவிக்கு வரலாமே! வண்டி நகராதவாறு சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, கையெட்டும் இடங்களைச் சுத்தம் செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் நுழையவே கூடாது. ஜாக்கி நழுவினால் உயிர்போகும்.

மறுநாள் காலையில் ஊர்தி மீண்டும் மலையேறும். அதில் அமர்ந்திருப்போர் பிறர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கதவின் பளபளப்பைப் பார்த்துத்தான் ஏறுவார்கள். இறக்கத்தில் அவர்களைக் காக்க வேண்டியதோ, அவர்கள் பார்க்காத அந்தப் பிரேக். அதைக் கழுவி வைப்பது ஓட்டுபவரின் பொறுப்பு.