தலையாட்டினால் போதுமா?

நோர்வேக்கு வந்த புதிதில் எம்மில் பலருக்கு இப்படி நேர்ந்திருக்கும். "இன்னும் குளிசை போடவில்லையா?" என்று தாதி கேட்கிறார். நாம் "யா" என்கிறோம். "ஓம், போடவில்லை" என்பது தமிழில் சரியான மறுமொழிதான். நோர்வேஜிய மொழியிலோ போடாதவர் "நை" என்று சொல்ல வேண்டும். போட்டவர் சொல்ல "யூ" என்று தனிச்சொல்லே உண்டு. எமது "யா"வைக் கேட்டவர், போட்டாயிற்று என்று எண்ண இடமுண்டு. பக்கவாட்டில் அசையும் எமது தலையோ அவருக்கு "இல்லை" போலத் தெரியும். ஆகவே, "நான் இன்னும் போடவில்லை" என்று முழு வசனமாகச் சொல்லிப் பழகுவோம்.

இங்கு மரியாதைப் பன்மை பேச்சு வழக்கில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. வைத்தியரும் "டூ", ஆசிரியரும் "டூ". பிள்ளை தன் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைத்தால் நாம் திடுக்கிடத் தேவையில்லை. இவர்களது மரியாதை வேறிடத்தில் இருக்கிறது. சாப்பிட்டு எழும்பும்போது உணவுக்கு நன்றி சொல்வார்கள். முன்பு சந்தித்தவரை மறுபடி கண்டால், அன்றைய சந்திப்புக்காக "தக் ஃபொர் சிஸ்ட்" என்பார்கள்.

வகுப்பில் "நான்" என்பதற்கு "யெய்" என்று படிக்கிறோம். பேர்கனுக்குப் போனால் "ஏக்" என்கிறார்கள். யாழ்ப்பாணப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் வேறுபடுவது போலத்தான் இதுவும். "கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லுங்கள்" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

ஆனால் வைத்தியசாலையிலும் அரச அலுவலகங்களிலும் அரைகுறை விளக்கம் போதாது. அங்கு பலர் பிள்ளையைக் கூட்டிச் சென்று மொழிபெயர்க்க வைத்தோம். தாயின் நோயைத் தாய்க்கே சொல்லும் பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றினோம். பிள்ளைக்கு விளங்காத சொற்கள் விடுபட்டுப் போயின. விளங்கிய சொற்கள் சில அதன் நித்திரையைக் கெடுத்தன.

2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம், அவசர நிலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பிள்ளைகளை இப்படிப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. சரியான உதவி கிடைப்பதற்குத் தேவையென்றால், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது அந்த அரச அலுவலகத்தின் பொறுப்பு. வருபவர் எம்மவராக இருந்தால் கதை வெளியே போய்விடுமோ என்று சிலர் தயங்குகிறோம். அவர் இரகசியம் காக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்.

எனவே நேரம் குறிக்கும்போதே, "யெய் த்ரெங்கர் தமில்ஸ்க் தொல்க்" என்று கேட்போம். எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்பது இதன் பொருள். பிள்ளை அன்று பள்ளிக்கூடம் போகட்டும்.