ஒன்பது அடிக்கு மேல் பார்க்காத கருவி

2005 மார்ச் 23 அன்று பிற்பகல் 1 மணி 4 நிமிடத்துக்கு, டெக்சஸ் சிட்டியில் இருந்த பிபி நிறுவனத்தின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில், கட்டுப்பாட்டு அறைத் திரை ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. கோபுரத்துக்குள் திரவ மட்டம் 78 சதவீதம், அதாவது சுமார் 8 அடி. எண் மெல்லக் குறைந்துகொண்டும் வந்தது. உண்மையில் 170 அடி உயரக் கோபுரத்தில் 158 அடி வரை திரவம் ஏறியிருந்தது. 1.20 மணிக்கு வெடித்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள்.

அந்தக் கருவி பழுதாகி நின்றுபோயிருந்தால் ஒருவேளை யாராவது கவனித்திருப்பார்கள். அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கோபுரத்தின் அடிப்பகுதி 9 அடியை மட்டும் அளப்பதற்காக அதைப் பொருத்தியிருந்தார்கள். அதற்கு மேல் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. போதாததற்கு, 1975ஆம் ஆண்டின் தரவுத்தாளை வைத்து அதை அளவு திருத்தியிருந்தார்கள். உள்ளே இருந்த திரவத்தின் அடர்த்தி அந்தத் தாளில் இருந்ததோடு பொருந்தவில்லை. திரவம் சூடேறி அடர்த்தி குறையக் குறைய, மட்டம் இறங்குவதாகக் கருவி காட்டியது. அதாவது, கோபுரம் நிரம்ப நிரம்ப, திரையில் எண் குறைந்தது. நிரம்பிவிட்டதா என்று கண்ணால் பார்க்க வைத்திருந்த சைட் கிளாஸ் உள்ளே அழுக்கேறிப் பார்க்க முடியாத நிலையில் இருந்தது. இரண்டு அலாரங்களில் முதலாவது அன்று அதிகாலை 3 மணியளவிலேயே அடித்தது. அதற்கு மேலே இருந்த இரண்டாவது அடிக்கவே இல்லை.

முதல் அலாரம் அடித்த பிறகும் ஏன் நிரப்பினார்கள்? ஆபத்தை இந்த இடத்தில்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். அன்று போல, நிறுத்தியிருந்த யூனிட்டை மறுபடி இயக்கும்போது மட்டம் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும் என்றுதான் எழுதப்பட்ட நடைமுறை சொன்னது. ஆனால் இயக்கும் நேரத்தில் மட்டம் ஏறி இறங்கும். கீழே போய்விட்டால் உலைக் குழாய்கள் காய்ந்து கெட்டுவிடும். அந்தச் சேதத்துக்குப் பயந்து ஆபரேட்டர்கள் பல வருடங்களாகவே சற்று அதிகமாக நிரப்பிப் பழகியிருந்தார்கள். முந்தைய பல தொடக்கங்களிலும் இதேதான் நடந்தது, கணினிப் பதிவிலும் இருந்தது. யாரும் அதை விசாரிக்கவில்லை, எழுதிய நடைமுறையைத் திருத்தவும் இல்லை. காகிதத்தில் ஒரு முறை, தரையில் ஒரு முறை என்று ஓர் ஆலை வருடக்கணக்கில் ஓடினால், அதைத் தொழிலாளியின் ஒழுங்கின்மை என்று நான் சொல்ல மாட்டேன். எழுதியவருக்கு வேலை தெரியவில்லை, தெரிந்தவரை யாரும் கேட்கவில்லை என்பதே அதன் பொருள்.

இரவு ஷிப்டில் நிரப்பியவர் ஷிப்ட் முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிட்டார். பதிவேட்டில் அந்த யூனிட்டைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி. எவ்வளவு நிரப்பப்பட்டது, எந்தக் குழாயில் எவ்வளவு நிற்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற விவரம் அதில் இல்லை. காலையில் வந்தவர் அந்த வரியை வைத்துக்கொண்டு மறுபடி நிரப்பத் தொடங்கினார். வெளியேற்றும் வால்வு மூடியிருந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, எதுவும் வெளியே வரவில்லை. காலை 10.50 மணிக்குச் சூப்பர்வைசர் குடும்பத்தில் ஒரு மருத்துவ அவசரம் என்று கிளம்பினார். அவர் இடத்தில் வேறு யாரும் நியமிக்கப்படவில்லை.

கோபுரத்துக்குள் எவ்வளவு போகிறது என்பது ஒரு திரையில் தெரியும். எவ்வளவு வெளியேறுகிறது என்பதைப் பார்க்க வேறொரு திரைக்குப் போக வேண்டும். இரண்டையும் கழித்து மிச்சம் எவ்வளவு உள்ளே தேங்குகிறது என்று கணினி எங்கும் காட்டவில்லை. ஒரு கழித்தல் கணக்கு! அதைப் போட்டுக் காட்டும் வசதி அந்த அமைப்பில் இல்லை. மூன்று யூனிட்களைத் தனியாளாகக் கவனித்துக்கொண்டிருந்த ஒருவர் அதைத் தன் தலைக்குள் போட வேண்டியிருந்தது. முன்பு கட்டுப்பாட்டுப் பலகையில் இரண்டு பேர் இருந்தார்கள். 1999இல் செலவை 25 சதவீதம் குறைக்கச் சொன்ன உத்தரவுக்குப் பிறகு ஒருவரானார்.

அந்த ஒருவர் 12 மணி நேர ஷிப்டாகத் தொடர்ந்து 29 நாள் வேலை பார்த்திருந்தார். இரவு ஷிப்டின் தலைமை ஆபரேட்டருக்கு 33 நாள், பகல் ஷிப்டின் தலைமை ஆபரேட்டருக்கு 37 நாள். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2007 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இந்த எண்களை அடுக்கிக் காட்டுகிறது. நிறுவனத்தின் முதல் அறிக்கையோ, ஊழியர்கள் நடைமுறையைப் பின்பற்றவில்லை என்பதை முன்னால் நிறுத்தியிருந்தது. சிலர் வேலைநீக்கமும் செய்யப்பட்டார்கள். இறந்த 15 பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அந்தக் கோபுரத்தோடு அவர்களுக்கு எந்த வேலையும் இல்லை. ஆவி வெளியேறும் புகைபோக்கியிலிருந்து சில 120 அடி தூரத்திலேயே நிறுத்தப்பட்டிருந்த தற்காலிக அலுவலக டிரெய்லர்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள் அவர்கள்.

இவ்வளவுக்கும் அந்த ஆலையின் பாதுகாப்புக் கணக்கு நன்றாகவே இருந்தது. வழுக்கி விழுவது, கை வெட்டுப்படுவது போன்ற தனிநபர் காயங்களின் விகிதம் குறைவு. அதைப் பார்த்தே மேலிடம் நிம்மதியாக இருந்தது. முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையிலான குழு 2007 ஜனவரியில் சுட்டிக்காட்டியதும் இதைத்தான். காய விகிதத்தை வைத்து, வெடிக்கக்கூடிய ஓர் அமைப்பின் ஆரோக்கியத்தைச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கும் கோபுரத்தின் கீழ்ப்பகுதியை மட்டும் அளந்த கருவிதான்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய உண்மைகளும் அல்ல. பிரிட்டனில் நார்மன் மேக்வொர்த் 1948இல் வெளியிட்ட சோதனைகள், அரிதாக வரும் ஒரு சிறு சமிக்ஞைக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவரின் கவனம் அரை மணி நேரத்திலேயே சரியத் தொடங்குவதைக் காட்டின. லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இல் எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது. எளிய வேலைகளை எல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, இயந்திரத்தால் முடியாத கடினமான கணத்தை மட்டும் மனிதருக்கு மிச்சம் வைக்கிறோம். தினமும் செய்யாததால் அவருடைய கை பழக்கம் விட்டுப்போயிருக்கும். அந்தக் கணத்தில் மட்டும் அவர் எல்லாம் அறிந்தவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். 1994 ஜூலையில் வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில் ஆபரேட்டர்களை நோக்கி 275 அலாரங்கள் அடித்தன. இரண்டரை வினாடிக்கு ஒன்று வீதம் வந்தால், அதில் எது உயிர் போகும் அலாரம் என்று யாரால் பிரிக்க முடியும்? இயல்பான இயக்கத்தில் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவையே பின்னர் வந்த வழிகாட்டி நெறிகள் ஏற்கத்தக்கதாக வைத்தன.

நம் பக்கத்து மாநிலத்தில் 2020 மே 7 அதிகாலை என்ன நடந்தது? விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் ஸ்டைரீன் தொட்டியிலிருந்து ஆவி கசிந்து 12 பேர் இறந்தார்கள். ஆர்.ஆர்.வெங்கடாபுரம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள், ஓடிய வழியிலேயே விழுந்தார்கள். அந்தத் தொட்டியின் வெப்பநிலையைக் கீழ்ப்பகுதியில் மட்டுமே அளந்தார்கள். ஊரடங்கில் அசையாமல் கிடந்த திரவத்தின் மேலடுக்கு சூடேறி வினை தொடங்கியபோது, கீழே இருந்த உணரிக்கு அது தெரியவில்லை. ஆலைச் சைரனும் ஒலிக்கவில்லை. டெக்சஸ் சிட்டிக்கும் இதற்கும் இடையில் 15 வருடம். அவற்றில் பெரும்பகுதியும் ரசாயனப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கும்படி இருந்தது.

வேலை நேரத்திலும் நாம் அதே பாதையில் போகிறோம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வார விடுமுறையை மாற்றி வைத்தாலும் முழுநாள் ஓய்வு இல்லாமல் பத்து நாளுக்கு மேல் தொடர்ச்சியாக வேலை வாங்கக் கூடாது என்று எழுதியது. நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று அந்த வரம்புகளைத் தளர்த்தி 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வந்து மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது. பேச்சு முழுக்க ஊதியத்தையும் உரிமையையும் சுற்றியே நடந்தது. அது நியாயம். ஆனால் மணலியிலோ கடலூர் சிப்காட்டிலோ பத்தாவது மணி நேரத்தில் பேனல் முன் உட்கார்ந்திருப்பவரின் கண் எதைத் தவறவிடும், தவறவிட்டால் வேலிக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி போதிய அளவுக்கு எழவில்லை. அந்தத் தொழிலாளியின் சோர்வு அவருடைய சொந்தப் பிரச்சினையோடு நிற்பதில்லை.

இப்போது விற்பனைக்கு வருபவை, கண் சொக்குகிறதா என்று ஆபரேட்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கேமராக்களும், எந்த அலாரம் முக்கியம் என்று தானே தீர்மானிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களும். இவற்றில் சில உதவக்கூடும். ஆனால் இவற்றை வாங்கிய கையோடு பலகையிலிருந்து ஓர் ஆளை எடுத்துவிட்டால், 1999இல் டெக்சஸ் சிட்டியில் எடுத்த அதே முடிவை நாமும் எடுக்கிறோம். தொழிற்சாலை ஆய்வாளர் அடுத்த முறை போகும்போது தலைக்கவசத்தையும் தீயணைப்பானையும் எண்ணிவிட்டுத் திரும்பக் கூடாது. ஒவ்வொரு மட்டமானியும் தொட்டியின் எந்தப் பகுதியை அளக்கிறது, எதை அளக்கவில்லை? அதைக் கடைசியாக அளவு திருத்தியது எப்போது, எந்தத் தரவை வைத்து? போன மாதம் ஒரு ஷிப்டில் எத்தனை அலாரம் அடித்தது? பேனலில் இருப்பவர் கடைசியாக ஒரு முழுநாள் ஓய்வெடுத்தது எந்தத் தேதி? இவற்றுக்கான பதில்கள் எல்லா ஆலைகளிலும் பதிவேடுகளில் இருக்க வேண்டியவை. அவற்றை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும், காட்ட முடியாத ஆலையைப் புதிய யூனிட் தொடங்க அனுமதிக்கக் கூடாது.