உஷார்! மலை தெரியும் மனையை வாங்குமுன் மண்ணைப் பாருங்கள்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டுமனை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கொடுத்தாகிவிட்டது என்றால் வானம் தோண்டும் முன்பாவது படியுங்கள். மேற்கே மலையடிவாரத் தோப்புகள் பிளாட் ஆகின்றன, கிழக்கே கரிசல் காடுகள் பிளாட் ஆகின்றன. இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு, ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விதம். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, டிடிசிபி அப்ரூவல் என்று அத்தனையையும் வக்கீலிடம் கொடுத்துச் சரிபார்க்கிறோம். ஆனால் மனைக்கு அடியில் என்ன மண் இருக்கிறது, அது எத்தனை எடை தாங்கும் என்று அந்தக் காகிதங்களில் ஒரு வரிகூட இருக்காது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் இடிந்து விழுந்து 61 உயிர்களைக் குடித்த 11 மாடிக் கட்டடமும் திட்ட அனுமதி வாங்கியதுதான்.

மலையடிவாரத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உயிர் போவது அங்கேதான். 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள். திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவை ஒட்டியிருந்த ஒரு வீட்டின் மேல் பாறையும் சேறும் இறங்கின. உள்ளே சிக்கிய 7 பேரும் இறந்தார்கள், அவர்களில் 5 பேர் குழந்தைகள். அது ஊட்டியோ வால்பாறையோ இல்லை. வெயில் காயும் சமவெளி ஊர். பாறை மலைதானே, அது எங்கே சரியப் போகிறது என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்த மலை. பாறைக்கு மேல் படிந்திருக்கும் மண் மெல்லியதாக இருந்தாலும், அடைமழையில் தண்ணீர் உள்ளே இறங்கிப் பாறையில் தட்டி நின்றுவிடும். அதற்குமேல் மண்ணுக்குப் பிடிமானம் இல்லை. மண் வழுக்கும்போது அதில் புதைந்திருக்கும் உருண்டைப் பாறைகளும் சேர்ந்து வருகின்றன. ராஜபாளையத்தில் சஞ்சீவி மலை இதேபோல ஊரோடு ஒட்டி நிற்கிறது. அது சரியப்போகிறது என்று நான் சொல்லவில்லை. அதன் சரிவை வெட்டி, ஒரு மனைக்கு மேல் இன்னொரு மனையாக ஏறிக்கொண்டே போவதைத்தான் பயத்தோடு பார்க்கிறேன்.

‘நம்ம பக்கம் அப்படி மழை ஏது?’ என்று கேட்பார்கள். மழை குறைவு என்பது உண்மைதான். காயல்பட்டினமும் மழை குறைந்த ஊர்தான். 2023 டிசம்பரில் அங்கே ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. 2015 மே மாதம், நடு வேனலில், சதுரகிரி மலையில் திடீரென இறங்கிய காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போய் உயிர்களைப் பறித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அது எட்டும் தூரம்தான். ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை எவ்வளவு என்று மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது, ஒரே ராத்திரியில் எவ்வளவு பெய்ய முடியும் என்றும் பார்க்க வேண்டும்.

மலை ஒரு கிலோமீட்டர் தள்ளித்தானே இருக்கிறது என்றும் நிம்மதி கொள்ளாதீர்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மேலே பெயர்ந்த மண்ணும் பாறையும் ஆற்றின் போக்கிலேயே சுமார் 8 கி.மீ. ஓடி வந்ததாக இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. சரிவைவிட ஓடையைப் பார்த்துப் பயப்பட வேண்டிய இடங்கள் நிறைய உண்டு. அய்யனார் கோயில் பக்கமோ, செண்பகத்தோப்புப் பக்கமோ, பிளவக்கல் பக்கமோ மனை பார்த்தால், கோடையில் வறண்டு கிடக்கும் ஓடைக்குள் இறங்கி நடந்து பாருங்கள். ஆட்டுரல் அளவுக்கு உருண்டைக் கற்கள் கிடக்கும். அவ்வளவையும் கொண்டுவந்து போட்டது தண்ணீர்தான். பிறகு உங்கள் மனையில் ஓர் ஆள் மட்டத்துக்குக் குழி வெட்டச் சொல்லுங்கள். குழியின் பக்கங்களில் அதே உருண்டைக் கற்கள், சிறிதும் பெரிதுமாக, சேற்று மண்ணில் பதிந்து தெரிந்தால், என்றோ ஒருநாள் வெள்ளமும் சேறும் ஓடிவந்து நின்ற இடம் அது. வந்த வழியில் திரும்ப வரும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த மனை வேண்டாம்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். சரிவான நிலத்தைச் சமதளமாக்க ஜேசிபியை விட்டு மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்பக்கம் தள்ளி நிரப்பிவிடுகிறார்கள். பார்க்க அழகான சமதளம். அதன்மேல் வீடு எழும்பும்போது பாதி வீடு வெட்டிய கெட்டி மண்ணில், பாதி வீடு கொட்டிய மண்ணில் நிற்கிறது. கொட்டிய மண் மழைக்கு மழை அமுங்கும், கெட்டி மண் அமுங்காது. நடு ஹாலில் தரையிலிருந்து கூரை வரை விரிசல் விழும்போது கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை. மேல்பக்கத்திலோ அடிவாரத்தை வெட்டி எடுத்ததால் மேலே இருக்கும் சரிவு தாங்கலை இழந்து நிற்கிறது. அதற்கு ஒரு தடுப்புச்சுவர் கட்டிவிட்டால் போதும் என்கிறார்கள். சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேற வரிசையாக வடிதுளைகளும், துளைக்குப் பின்னால் ஜல்லி அடைப்பும் இல்லாவிட்டால், ஒரு பெருமழையில் மண்ணும் நீரும் சேர்ந்து சுவரையே உங்கள் வீட்டின்மேல் தள்ளிவிடும். செப்டிக் டேங்க் உறிஞ்சுகுழியைச் சரிவின் தலைப்பில் வெட்டாதீர்கள். அது ஆண்டு முழுவதும் சரிவுக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும்.

கிழக்கே கரிசலில் வீடு தலையில் விழாது, ஆனால் வாழ்நாள் சேமிப்பு விரிசல் விரிசலாகக் கரையும். மழையில் உப்பி, வெயிலில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண் அது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் கீறல், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் இறுகிக்கொள்ளும் கதவு, சாய்ந்த காம்பவுண்டுச் சுவர் என்று பக்கத்து வீடுகளே உங்களுக்குச் சொல்லிவிடும். ஆய்வுக்கூடத்தில் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. மண்ணை உலர்த்திச் சலித்து 10 கிராம் வீதம் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் வைக்கிறார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் எவ்வளவு கூடுதலாக உயர்ந்தது என்று சதவீதத்தில் கணக்கிடுகிறார்கள். 50-ஐத் தாண்டினால் சாதாரண அஸ்திவாரம் போதாது. அப்படிப்பட்ட மண்ணுக்கென்றே ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் அண்டர் ரீம்டு பைல் என்ற முறையைக் கொண்டுவந்தது. அடியில் குமிழ்போல் அகலும் அந்தத் தூண், ஈரமும் வெயிலும் எட்டி மண்ணை அசைக்கும் ஆழத்துக்குக் கீழே போய்ப் பிடித்துக்கொள்கிறது. வழக்கமாக அது 3.5 மீட்டர் வரை இறங்கும்.

“அண்ணாச்சி, நாலடி வானம் போதும், எத்தனை வீடு கட்டியிருக்கேன்!” என்று மேஸ்திரி சொன்னால் அவர் அனுபவத்தை மதியுங்கள், ஆனால் ஆழத்தை அவர் வாக்கில் விடாதீர்கள். மண் பரிசோதனை செய்பவர்கள் துளை போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் இன்ஜினியர் அஸ்திவாரத்தை முடிவுசெய்ய வேண்டும். ஒரு மூலையில் மட்டும் துளை போட்டால் ஏமாந்துபோவீர்கள். மனையின் இரு கோடிகளிலாவது போடச் சொல்லுங்கள். எந்த ஆழத்தில் என்ன மண் என்று எழுதிய அறிக்கையைக் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள்.

அதிகம் காசு செலவில்லாத வேலையும் இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் உங்கள் சர்வே எண்ணின் புலப்பட நகலை வாங்கி, மனையை ஒட்டியோ ஊடாகவோ ஓடை, வாய்க்கால் போகிறதா என்று பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைத் திருப்பிப் பார்த்தால் நிரப்பிய ஊருணியும் கல்குவாரிக் குழியும் கிணறும் தெரிந்துவிடும். அங்கே ஆடு மேய்க்கும் பெரியவரிடம் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று கேளுங்கள், தரகரை விட்டுவிட்டுத் தனியாகப் போய்க் கேளுங்கள். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் வருகிறதா என்பதையும் விசாரியுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் தயாரித்திருக்கிறது. ஆனால் அது 1:50,000 அளவில் வரைந்தது, 5 சென்ட் மனைக்கு அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஏற்கெனவே சரிவில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு: வடகிழக்குப் பருவமழைக்கு முன் தடுப்புச்சுவரின் துளைகளைக் கம்பி விட்டுக் குத்தி அடைப்பை எடுங்கள். கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாகச் சரிவைத் தாண்டிக் கொண்டுபோய் விடுங்கள். வீட்டுக்கு மேலே தரையில் பிறைபோல் வளைந்த வெடிப்பு விழுந்திருந்தால் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, அன்றே இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அடைமழையில் சுவர் வயிறு தள்ளினாலோ, புதிதாகச் சேற்று ஊற்று கிளம்பினாலோ, மழை விடாமலே ஓடைத் தண்ணீர் சட்டென்று குறைந்தாலோ, மேலே மண் நகர்கிறது அல்லது ஓடையில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நகை, பத்திரம் தேடாமல் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு, ஓடைப் போக்கில் போகாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஏறிய பிறகு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்லுங்கள்.